தேடுபவரின் சொல்லைக் கண்டறிதல்: யாழ்ப்பாணத்துச் சிறு வணிகர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

இணையத்தில் ஒரு கடையையோ சேவையையோ அறிமுகப்படுத்த முனையும் எவரும் விரைவிலேயே 'கீவேர்ட்', அதாவது தேடுபவர் பயன்படுத்தும் சொற்களை ஒட்டி ஒரு பக்கத்துக்குத் தேர்ந்துகொள்ளும் சொல், என்பதைக் கேள்விப்படுகிறார். இணையத்தளம் செய்து கொடுப்பவர் அதைப் பற்றிப் பேசுகிறார். முகநூல் விளம்பரம் செய்பவரும் பேசுகிறார். 'இத்தனை கீவேர்ட் போட்டுத் தருகிறோம்' என்று விலைப் பட்டியல்களிலும் அது இடம்பெறுகிறது. ஆனால் அச்சொற்கள் எங்கிருந்து வந்தன, அவற்றைத் தட்டச்சு செய்பவர்கள் யார், அவர்கள் இருப்பது யாழ்ப்பாணத்திலா சென்னையிலா என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. சொற்பட்டியல் ஒன்றைப் பக்கத்தின் அடியில் ஒட்டிவிட்டால் கூகுள் தம் கடையை முதலாவதாகக் காட்டும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. அதற்காகச் சிறு வணிகர்கள் பணம் செலவிடுவதைக் காண்பது வருத்தம் தருகிறது, ஏனெனில் அவர்களுக்கு வேண்டிய சொற்களில் பெரும்பகுதி அவர்களுடைய கடை வாசலிலேயே நாள்தோறும் பேசப்படுகிறது.

வாடிக்கையாளர் இணையத்தில் எந்தச் சொற்களால் தேடுகிறார், அவற்றை எப்படிக் கண்டறிவது, கண்டறிந்த பின் அவற்றை எங்கே பயன்படுத்துவது என்பவற்றை இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

சந்தியில் வழி கேட்கும் ஒருவர்

வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கோண்டாவிலில் ஒரு சந்தியில் இறங்கி, அங்குள்ள பெட்டிக்கடைக்காரரிடம், "தண்ணி மோட்டர் திருத்துற இடம் எங்கை இருக்கு?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்கடைக்காரர் உடனே ஓர் ஒழுங்கையைக் காட்டுகிறார். அந்த ஒழுங்கையில் உள்ள கடையின் பெயர்ப்பலகையில் 'நீர்ப்பம்பிகள் விற்பனையும் பராமரிப்பும்' என்று எழுதியிருந்தாலும் அவருக்குக் குழப்பம் ஏற்படுவதில்லை. அவர் அந்தக் கடையை நேரில் பார்த்திருக்கிறார். பழுதான மோட்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அங்கே போனவர்களையும் கண்டிருக்கிறார். கேட்டவரின் சொல்லுக்கும் பலகையில் உள்ள சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவருடைய அனுபவம் நிரப்பிவிடுகிறது.

கூகுள் போன்ற ஒரு தேடுபொறியிடமும் இதே கேள்விதான் கேட்கப்படுகிறது. ஆனால் அது அந்த ஒழுங்கைக்குள் சென்றதில்லை. எங்காவது எழுதப்பட்டவற்றைக் கொண்டு மட்டுமே அது ஒரு கடையை அறிகிறது. அந்தக் கடையைப் பற்றி இணையத்தில் உள்ளது பெயர்ப்பலகையின் சொற்கள் மட்டும்தான் என்றால், 'தண்ணி மோட்டர்' என்று கேட்பவருக்கு அதைக் காட்டுவதற்குத் தேடுபொறியிடம் போதிய காரணம் இருக்காது.

தேடுபொறி உண்மையில் செய்வது

தேடுபொறியின் வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில், தானாக இயங்கும் நிரல்கள் இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கம் பக்கமாகச் சென்று அவற்றை வாசிக்கின்றன. அடுத்து, எந்தச் சொல் எந்தப் பக்கங்களில் வருகிறது என்பது ஒரு மாபெரும் பட்டியலில் பதியப்படுகிறது. இதைச் சொல்லடைவு என்போம். ஒருவர் தேடும்போது தேடுபொறி அந்த நொடியில் இணையம் முழுவதையும் தேடுவதில்லை. முன்பே ஆயத்தம் செய்து வைத்திருக்கும் சொல்லடைவையே புரட்டுகிறது. மூன்றாவது கட்டத்தில், பொருந்திய பக்கங்கள் பல அளவுகோல்களின்படி வரிசைப்படுத்தப்படுகின்றன. உள்ளூர்க் கடைகளைப் பொறுத்தவரை அந்த அளவுகோல்களில் முதன்மையானவை மூன்று என்று கூகுள் தன் உதவிப் பக்கங்களில் விளக்குகிறது: தேடலுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் இடையிலுள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது.

தேடுபொறி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதோடு நின்றுவிடுகிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. தொடரின் பொருளைப் புரிந்துகொள்ளும் பேர்ட் (BERT) என்ற முறையைக் கூகுள் 2019ஆம் ஆண்டில் தன் தேடலில் சேர்த்தது. அதற்கு முன்பே ஒத்த பொருளுடைய சொற்களை இணைத்துப் பார்க்கும் திறன் அதற்கு இருந்தது. ஆயினும் இத்தகைய திறன் எழுத்துவளம் நிறைந்த மொழிகளில் வலுவாகவும், எழுத்துவளம் குறைந்த வழக்குகளில் தளர்வாகவும் அமைகிறது. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கு இணையத்தில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே 'மோட்டர் தண்ணி இழுக்குதில்லை' என்பதும் 'நீர்ப்பம்பி பராமரிப்பு' என்பதும் ஒரே தேவையைக் குறிக்கின்றன என்பதைத் தேடுபொறி தானாகவே கண்டுகொள்ளும் என்று வணிகர் நம்பியிருக்க முடியாது.

இங்கே இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வது நல்லது. தேடுபவர் பெட்டிக்குள் தட்டச்சு செய்வதைத் தேடல் தொடர் என்போம். ஒரு வணிகர் தம் பக்கம் எந்தத் தேடல் தொடர்களுக்குப் பதிலாக அமைய வேண்டும் என்று கருதித் தேர்ந்துகொள்வதைக் குறிச்சொல், அதாவது கீவேர்ட், என்போம். முன்னது வாடிக்கையாளருடையது, பின்னது அதிலிருந்து பிறப்பது. வணிகர் தம் மேசையில் அமர்ந்து குறிச்சொல்லைக் கற்பனை செய்யத் தொடங்கும்போதுதான் பிழை நேர்கிறது.

தொழிலின் சொல்லும் தேவையின் சொல்லும்

தொழில் தெரிந்தவர் தம் வேலையைத் தொழிலின் சொற்களால் குறிப்பிடுகிறார். வாடிக்கையாளர் தம் தேவையைத் தமக்குத் தெரிந்த சொற்களால் குறிப்பிடுகிறார். யாழ்ப்பாணத்தில் இந்த இடைவெளி சற்று அகலமானது, ஏனெனில் இங்கு பெயர்ப்பலகைகளும் விளம்பரங்களும் அறிவித்தல்களும் தூய எழுத்துத் தமிழில் எழுதப்படும் வழக்கம் வலுவாக உள்ளது. அந்த வழக்கம் மதிப்புக்குரியது. ஆனால் தேடல் பெட்டியில் எவரும் அறிவித்தல் எழுதுவதில்லை.

கல்வி நிலையங்களைப் பாருங்கள். பலகையில் 'தனியார் கல்வி நிலையம்' என்றும் 'க.பொ.த. உயர்தரம், இணைந்த கணிதம்' என்றும் இருக்கும். பெற்றோர் பேசுவது 'ரியூசன்' என்று. மாணவர் பேசுவது 'ஏ.எல். கொம்பைன் மற்ஸ்' என்று. இணையத்திலும் அவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். அதையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் கேட்கிறார்கள்.

நீர்ப்பம்பிக் கடையின் நிலை இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் மழைநீரைக் கிணறுகள் வழியாகவே வீடுகளும் தோட்டங்களும் பயன்படுத்துகின்றன. வெயில் காலத்தில் கிணற்று நீர்மட்டம் இறங்கும்போது மோட்டர் ஓடியும் தண்ணீர் ஏறாமல் போவது பல வீடுகளில் நடக்கிறது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் கடையைத் தேடுவதில்லை. தமக்கு நேர்ந்த சிக்கலைத்தான் தேடுகிறார். 'மோட்டர் ஓடுது தண்ணி வரேல்லை', 'மோட்டர் சுடுது', 'மோட்டர் சத்தம் போடுது' என்பன போன்றவையே அவருடைய தொடர்கள். இவற்றில் 'நீர்ப்பம்பி' என்ற சொல்லும் இல்லை, 'திருத்தம்' என்ற சொல்லும் இல்லை, கடை என்ற எண்ணமே இல்லை. ஆனால் சில நிமிடங்களில் ஒரு திருத்துநரை அழைக்கப்போகிறவர் அவர்தான். கடை தன் பக்கத்தில், உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள வால்வு கசிந்தால் குழாயில் நிற்க வேண்டிய நீர் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கிவிடும் என்பதையும், குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் மோட்டர் வெறுமனே சுழலும் என்பதையும், நிலத்தின் மேல் வைக்கும் சாதாரண மோட்டர் நடைமுறையில் ஏழு எட்டு மீற்றருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது என்பதையும் எழுதி, அவருடைய சொற்களையே தலைப்பாக இட்டிருந்தால், அந்தத் தேடலுக்குப் பொருத்தமான பதில் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

சுருக்கமாகக் கூறினால்: வாடிக்கையாளர் பொருளின் பெயராலும் தேடுவார், சிக்கலின் பெயராலும் தேடுவார். வணிகர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே எண்ணிப் பார்க்கிறார்கள்.

ஒரே தேவை, பல எழுத்து

யாழ்ப்பாணத்து வணிகரைத் தேடுபவர்கள் ஒரே வகையில் எழுதுவதில்லை. சிலர் தமிழ் எழுத்தில் எழுதுகிறார்கள். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். சிலர் முழுவதும் ஆங்கிலத்தில் தேடுகிறார்கள். தெற்கிலிருந்து வருபவர்கள் சிங்களத்திலும் தேடுகிறார்கள். குரல்வழியே தேடுபவர்களின் தொடர்கள் பேச்சு வழக்கிலேயே, சற்று நீளமாக அமைகின்றன.

தமிழ் எழுத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஆங்கிலச் சொற்களை நாம் எழுதும் முறையும் தமிழ்நாட்டார் எழுதும் முறையும் வேறு. நாம் 'ரொறன்ரோ' என்றும் 'கொம்பியூட்டர்' என்றும் எழுதுமிடத்து அவர்கள் 'டொராண்டோ' என்றும் 'கம்ப்யூட்டர்' என்றும் எழுதுகிறார்கள். தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை ஆயத்தமாக விற்பவர் அதைத் தமிழ்நாட்டுத் தேடல்களிலிருந்து எடுத்திருந்தால், அதில் உள்ள சொற்கள் எண்ணிக்கையில் பெரியனவாகத் தோன்றினாலும் நமது வாடிக்கையாளரின் விரலிலிருந்து வந்தவையாக இருக்கமாட்டா.

ஊர்ப்பெயர்கள் தனிக் கவனத்துக்குரியவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலியின் பெயரிலேயே தமிழ்நாட்டில் ஒரு பெரிய மாநகரம் இருக்கிறது. 'திருநெல்வேலி தையல்கடை' என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு பக்கம், தன்னைவிடப் பல மடங்கு எழுதப்பட்ட அந்த மாநகரத்தின் பக்கங்களோடு போட்டியிட வேண்டியுள்ளது. 'யாழ்ப்பாணம் திருநெல்வேலி' என்று முழுமையாக எழுதுவதும், வீதிப் பெயரோடு கூடிய முகவரியையும் இலங்கைத் தொலைபேசி எண்ணையும் எழுத்தாகவே தருவதும் இக்குழப்பத்தைப் பெரிதும் குறைக்கும். பருத்தித்துறைக்கு ஆங்கிலத்தில் முற்றிலும் வேறான பெயர் உண்டு. 'பொயின்ற் பெட்ரோ' (Point Pedro) என்று தேடுபவரும் பருத்தித்துறை என்று தேடுபவரும் ஒரே கடையைத்தான் நாடுகிறார்கள். காங்கேசன்துறையை 'கே.கே.எஸ்.' என்றே பலர் எழுதுகிறார்கள்.

தேடுபவர் எங்கே இருக்கிறார் என்பதும் தொடரை மாற்றுகிறது. மானிப்பாயில் இருந்துகொண்டு தேடுபவர் ஊர்ப்பெயரைச் சேர்க்காமலே தேடலாம், ஏனெனில் அவருடைய கைத்தொலைபேசி இருக்குமிடத்தைக் கூகுள் ஓரளவு அறிந்து, அருகிலுள்ள கடைகளைக் காட்டுகிறது. லண்டனில் இருக்கும் மகள் மானிப்பாயில் தனியாக வாழும் தாயின் வீட்டு மோட்டரைத் திருத்துவதற்கு ஆள் தேடும்போது அந்த வசதி அவருக்கு இல்லை. ஊர்ப்பெயரை அவர் எழுதியே ஆக வேண்டும், அதையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார். அவருக்கு வேறு கேள்விகளும் உண்டு: வீட்டுக்கே வருவார்களா, வெளிநாட்டிலிருந்து பணம் செலுத்தலாமா, வேலை முடிந்ததும் படம் அனுப்புவார்களா. புலம்பெயர்ந்தோரை வாடிக்கையாளராகக் கொண்ட எந்தத் தொழிலும் இக்கேள்விகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதில் எழுதி வைப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. திருமண மண்டபம், வாகன வாடகை, வீட்டுப் பராமரிப்பு, பனங்கட்டியும் ஒடியலும் அனுப்பும் கடைகள் எல்லாம் இதில் அடங்கும்.

சொல்லுக்குப் பின்னால் உள்ள நோக்கம்

தேடுபவர் எதை அடைய விரும்புகிறார் என்பதைத் தேடல் நோக்கம் என்பர். ஆந்திரே புரோடர் என்ற கணினி அறிஞர் 2002ஆம் ஆண்டில் இணையத் தேடல்களை மூன்றாக வகுத்தார்: ஒன்றை அறிந்துகொள்ளத் தேடுவது, முன்பே தெரிந்த ஓர் இடத்துக்குச் செல்லத் தேடுவது, ஒரு செயலை முடிக்கத் தேடுவது. 'மோட்டர் ஏன் சுடுது' என்பது முதல் வகை. குறிப்பிட்ட ஒரு கடையின் பெயரை எழுதுவது இரண்டாம் வகை. 'கோண்டாவில் மோட்டர் திருத்துநர் போன் நம்பர்' என்பது மூன்றாம் வகை.

ஒரு தொடர் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. அதைத் தேடிப் பார்த்து, கூகுள் காட்டுவதைக் கவனித்தால் போதும். வரைபடமும் கடைகளும் வந்தால் தேடுபவர்கள் அழைக்க ஆயத்தமானவர்கள் என்று கூகுள் கணித்திருக்கிறது. காணொளிகளும் விளக்கங்களும் வந்தால் அவர்கள் அறிய விரும்புபவர்கள் என்று கணித்திருக்கிறது. முதலாவதற்கு விலை, நேரம், தொலைபேசி எண் கொண்ட பக்கமும், இரண்டாவதற்குப் பொறுமையான விளக்கமும் வேண்டும்.

சொற்களை எங்கே சேகரிப்பது

முதல் ஊற்று தொலைபேசிதான். வாடிக்கையாளர் அழைத்ததும் பேசும் முதல் வாக்கியத்தை, திருத்தாமல், அவர் கூறியபடியே ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் முதற் செய்திகள் இன்னும் சிறந்தவை, ஏனெனில் அவை ஏற்கெனவே எழுத்தில் உள்ளன. எழுத்துப் பிழையும் ஆங்கில எழுத்தும் அப்படியே கிடைக்கும். சில வாரங்களில் அதே தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஊர்சார்ந்த முகநூல் குழுக்களில், 'இதற்கு நல்ல ஆள் யார்?' என்று கேட்கப்படும் பதிவுகளும் இத்தகையவை.

இரண்டாவது ஊற்று கூகுளின் தேடல் பெட்டி. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் கீழே விரியும் பரிந்துரைகள், மக்கள் உண்மையில் தேடியவற்றை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் பழைய தேடல்கள் அதில் கலக்காதபடி உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, கொப்பியில் உள்ள ஒரு தொடரின் முதற் சொற்களை இட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியே செய்வது முக்கியம், ஏனெனில் இரண்டிலும் வரும் பரிந்துரைகள் வேறுபடலாம்.

மூன்றாவதாகக் கருவிகள் உள்ளன. கூகுள் விளம்பரக் கணக்கொன்றைத் திறந்தால் கிடைக்கும் 'கீவேர்ட் பிளானர்', ஒரு சொல் மாதம் ஒன்றில் ஏறத்தாழ எத்தனை முறை தேடப்படுகிறது என்பதைக் காட்டும். இதைத் தேடல் அளவு என்பர். நாட்டை இலங்கை என்று மாற்றிய பின்னரே எண்களைப் பார்க்க வேண்டும். 'கூகுள் ட்ரெண்ட்ஸ்' ஒரு சொல்லின் மீதான ஆர்வம் காலத்துக்குக் காலம் எப்படி மாறுகிறது என்பதை 0 முதல் 100 வரையான ஒப்பீட்டு எண்ணாகக் காட்டும். அங்கே 100 என்பது தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தைக் குறிக்கிறதே தவிர நூறு தேடல்களைக் குறிப்பதில்லை. சொந்த இணையத்தளம் உள்ளவர்களுக்கு எல்லாவற்றிலும் பயனுள்ளது 'சேர்ச் கொன்சோல்'. எந்தத் தேடல் தொடர்களுக்கு உங்கள் பக்கம் தோன்றியது, எத்தனை பேர் அதை அழுத்தினார்கள் என்பதைக் கடந்த 16 மாதங்களுக்கு அது இலவசமாகக் காட்டுகிறது. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்தவர்களுக்கு அந்தப் பதிவின் செயல்திறன் பகுதியிலும் இதுபோன்ற பட்டியல் கிடைக்கும்.

எண்களை எப்படி வாசிப்பது

சிறிய ஊருக்குரிய தமிழ்த் தொடர்களைக் கருவியில் இட்டால் 'தரவு இல்லை' என்ற பதில் அடிக்கடி வரும். இதைக் கண்டு அந்தத் தொடரைக் கைவிடுவது பெரிய தவறு. மிகக் குறைவாகத் தேடப்படும் தொடர்களைக் கருவிகள் காட்டுவதில்லை. சேர்ச் கொன்சோலும் தேடுபவரின் தனியுரிமை கருதி அரிய தொடர்களை மறைக்கிறது. நாள்தோறும் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 வீதம் அதற்கு முன் ஒருபோதும் தேடப்படாதவை என்று கூகுள் நிறுவனமே கூறியிருக்கிறது. வாரத்துக்கு இருவர் தேடும் தொடராக இருந்தாலும், அந்த இருவரும் சுன்னாகத்தில் பழுதான மோட்டரோடு நிற்பவர்கள் என்றால், ஒரு சிறு கடைக்கு அது போதிய வேலை. மாறாக 'வாட்டர் பம்ப்' என்ற பொதுச்சொல்லைப் பல்லாயிரம் பேர் தேடலாம். அவர்களில் விலை பார்ப்பவரும், பாடத்துக்குக் குறிப்பெடுக்கும் மாணவரும், வேறு நாட்டில் இருப்பவரும் கலந்திருப்பார்கள்.

இதுவரை கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால், வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும் சொல்லே மூலம். தேடல் பெட்டியின் பரிந்துரை அதற்கான சான்று. கருவி தரும் எண் ஒரு துணைத் தகவல். இந்த முறைவரிசை தலைகீழாகும்போது பட்டியல் நீளமாகிறது, வாடிக்கையாளர் வருவதில்லை.

கண்டறிந்த சொல்லை எங்கே வைப்பது

பக்கத்தின் நிரலுக்குள், வாசகர் கண்ணுக்குத் தெரியாத 'மெட்டா கீவேர்ட்ஸ்' பகுதியில் குறிச்சொற்களை நிரப்பும் பழைய முறை இன்றும் சிலரால் விற்கப்படுகிறது. அப்பகுதியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. பக்கத்தின் அடியில் 'நல்லூர், கோண்டாவில், கொக்குவில், மானிப்பாய், சுன்னாகம், சாவகச்சேரி' என்று ஊர்ப்பெயர்களை அடுக்குவதும் பயன் தராது. தரவரிசைக்காக ஊர்ப்பெயர்களைக் குவிப்பதைக் கூகுளின் விதிகள் குறிச்சொல் திணிப்புக்கு உதாரணமாகவே குறிப்பிடுகின்றன. வரைபடப் பதிவில் கடையின் பெயரோடு குறிச்சொற்களைச் சேர்ப்பதும் விதிமீறல். அதனால் பதிவே இடைநிறுத்தப்படலாம்.

சரியான இடங்கள் எளியவை. பக்கத்தின் தலைப்பு, முதற் பந்தி, உபதலைப்புகள், கேள்வி பதில் பகுதி ஆகியவற்றில் வாடிக்கையாளரின் சொல் இயல்பாக வர வேண்டும். 'நீர்ப்பம்பி' என்ற சொல்லை நீக்க வேண்டியதில்லை; 'தண்ணி மோட்டர் எனப்படும் நீர்ப்பம்பிகளைத் திருத்திக் கொடுக்கிறோம்' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இணைக்கலாம். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழால் பக்கத்தை நிரப்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது வாசிப்பவருக்குத் தொல்லை. தனியான ஓர் ஆங்கிலப் பக்கம் அந்தப் பணியைச் சிறப்பாகச் செய்யும்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு தடையைக் குறிப்பிட வேண்டும். அச்சகங்களில் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் வழக்கம் உண்டு. அந்த எழுத்துருவில் எழுதப்பட்டது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் கோவையாகவே சேமிக்கப்படுகிறது. அதை அப்படியே இணையத்தில் இட்டால் தேடுபொறி அதில் ஒரு தமிழ்ச் சொல்லையும் காணாது. எல்லாக் கணினிகளும் தமிழென்று அறியும் பொது எழுத்துக்குறி முறையான யுனிகோட்டுக்கு அதை மாற்றிய பின்னரே வெளியிட வேண்டும்; மாற்றித் தரும் இலவசக் கருவிகள் பல உள்ளன. அச்சுக்கு வடிவமைத்த விளம்பரத்தைப் படமாக மட்டும் பதிவேற்றுவதும் ஏறத்தாழ இதே விளைவைத் தரும். படத்தில் உள்ள முக்கியச் செய்தியை அதன் கீழே எழுத்தாகவும் தர வேண்டும்.

பின்னர் கவனிக்க வேண்டியவை

பக்கத்தை வெளியிட்டு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் சேர்ச் கொன்சோலைத் திறந்தால் இரண்டு வகைத் தொடர்கள் பயனுள்ள செய்தியைத் தரும். முதலாவது, பலமுறை தோன்றியும் எவரும் அழுத்தாத தொடர்கள். தேடுபவர் கண்ட தலைப்பில் தம் கேள்விக்கான பதில் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். தலைப்பை அவருடைய சொற்களில் மாற்றி எழுதிப் பார்க்கலாம். பக்கம் மிகக் கீழே காட்டப்படுவதும் காரணமாக இருக்கலாம் என்பதால், முடிவுகளில் பக்கம் சராசரியாக எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதைக் காட்டும் சராசரி நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வணிகர் எதிர்பாராத தொடர்கள். மோட்டர் திருத்தும் கடையின் பக்கம் 'கிணறு துப்புரவு' என்ற தேடலுக்குத் தோன்றத் தொடங்கினால், அந்தச் சேவையைத் தேடுபவர்கள் அப்பகுதியில் இருக்கிறார்கள் என்று பொருள். அதைத் தொடங்குவதா, செய்பவர் ஒருவரோடு ஏற்பாடு செய்துகொண்டு அவருடைய எண்ணைத் தருவதா, அல்லது தாம் அதைச் செய்வதில்லை என்று பக்கத்தில் தெளிவாக எழுதிவிடுவதா என்பதை வணிகர் தம் ஆளணியையும் நேரத்தையும் பார்த்துத் தீர்மானிக்கலாம்.